பின்சீட்டின் இடது ஓரம்

கார் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை அப்பா இழுத்துப் போட்ட அன்று நான் ஷெட்டுக்கு வெளியே நின்று உறுமினேன். உள்ளே எலி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்து அவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எலி இல்லை. "ஒண்ணுமில்லடா, சும்மா இரு" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினார். நான் சும்மா இருக்கவில்லை. காருக்குள் யாரோ இருக்கிற வாசனை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவருடைய வாசனை.

என் பெயர் முதலாளி. பெருமைக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். வைத்தவர் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கார் சீட்டு தைக்கிறவர். மெயின் ரோட்டில் ஒரு ஷட்டர் கடை. உள்ளே ஒரு பெரிய தையல் மிஷின், சுவரோரமாகச் சுருட்டி நிறுத்திய ரெக்சின், தரையெல்லாம் வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டு. குட்டியாக நான் அந்தக் கடைக்குப் போன முதல் நாளே ஒரு பெரிய வண்டிக்குத் தைத்து வைத்திருந்த சீட்டில் ஏறிப் படுத்துவிட்டேன். வாடிக்கையாளர்கள் வந்து "முதலாளி இருக்காரா?" என்று கேட்பார்கள். மாமா கத்தரிக்கோலால் என்னைக் காட்டுவார். "அதோ தூங்கிட்டிருக்காரு. எழுப்பிக் கேளுங்க."

ரெக்சின் மிச்சம் எதையும் அவர் வீணாக்கமாட்டார். ஸ்டூலுக்கு உறை, கத்தரிக்கோல் பிடிக்கு உறை, தண்ணீர் கேனின் கைப்பிடிக்குக்கூட உறை. எல்லாவற்றையும் சிவப்பு நூலில்தான் தைப்பார். முடிகிற இடத்தில் இரண்டு குறுக்குத் தையல் போட்டு நிறுத்துவார். அந்தப் பழைய காரும் அவருடையதுதான். யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்டதை வாங்கி, சீட்டு முழுக்க அவரே தைத்துப் போட்டார். "இஞ்சின் எப்படி இருந்தா என்ன அக்கா, உக்கார்ற எடம் சுகமா இருக்கணும்" என்பார். "ஆமாமா, தள்ளும்போதும் சுகமா தள்ளலாம்" என்பாள் அம்மா.

மாமா அப்போது எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். கல்யாணம் காட்சி ஆகவில்லை. அக்கா வீடுதான் அவர் வீடு. அக்கா மகளுக்கு அவர்தான் வாலு என்று பட்டப்பெயர் வைத்தார். வால் உள்ளவன் நான், பெயர் மட்டும் அவளுக்கு.

அவர் காணாமல் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஒருநாள் வாலுவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டிய முறை மாமாவுடையது. மிஷினில் குனிந்தவர் நிமிரவில்லை. இருட்டுகிற நேரத்தில் வாலு பள்ளிக்கூட கேட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் போன் செய்து அப்பா போய்த் தூக்கிவந்தார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நிதானமான மனுஷர், கோபம் வந்தால் மட்டும் அறுந்த கயிறு. மறுநாள் காலையில் மாமாவைக் கூடத்தில் நிறுத்திவைத்துக் கத்தினார். "ஒரு கொழந்தையக் கூட்டிட்டு வரத் துப்பில்ல. உனக்கெல்லாம் எதுக்கு வீடு, வாசல், உறவு? இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத."

மாமா கார்ச் சாவியை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.

அதற்கடுத்த நாள் வேறொரு ஊரின் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கார் நின்றது. உள்ளே நான் மட்டும் இருந்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். "சண்டை போட்டுட்டு பஸ் ஏறிப் போயிருக்காரு. போனும் ஆஃப் பண்ணிட்டாரு. கோவம் தணிஞ்சா வருவாரு" என்றார்கள். அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நாய வண்டியில வச்சுப் பூட்டிட்டுப் போறவன் இல்ல சார் என் தம்பி." அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் அங்கேதான் நின்றேன். குரைத்தேன். தண்ணீர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. கேட் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரு நொடி கையிலிருக்கும் வேலையை நிறுத்துவார்கள். பால்காரர் என்று தெரிந்ததும் மறுபடி தொடங்குவார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

லீவுக்குக் கடலுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது வாலுதான். எதில் போவது என்ற பேச்சு வந்தபோதுதான் அப்பா ஷெட்டைத் திறந்தார்.

"அந்த வண்டி வேணாங்க" என்றாள் அம்மா.

"நிறுத்தியே வச்சா செத்துப்போயிடும்" என்றார் அப்பா. வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே கேட்டது போல. "வண்டியச் சொன்னேன்" என்றார்.

விடிந்ததும் கிளம்பினோம். டிக்கியில் இரண்டு பை, வாலுவின் நீச்சல் டியூப், ஒரு கூடையில் ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். நான் ஷெட் வாசலிலேயே நான்கு காலையும் ஊன்றிவிட்டேன். "ஏறுங்க முதலாளி, உங்க வண்டிதானே" என்று வாலு என்னை வாரித் தூக்கி உள்ளே போட்டாள்.

உள்ளே போனதும் தெரிந்துவிட்டது. ரெக்சின், பசை, அவர் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் பெப்பர்மின்ட். அதற்கு அடியில் புதிதாக இன்னொன்று: ஈரக் கல், பாசி, நாள்பட்ட தண்ணீர். பின்சீட்டின் இடது ஓரத்திலிருந்து வந்தது. பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் சீட்டு லேசாக அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் ஸ்பாஞ்சு எப்படி அமுங்குமோ அப்படி. கடையில் வளர்ந்த நாய்க்கு இதுகூடத் தெரியாதா?

வால் அது பாட்டுக்கு ஆடியது. முதுகு மயிர் அது பாட்டுக்கு நட்டுக்கொண்டு நின்றது. இரண்டையும் என்னால் நிறுத்த முடியவில்லை. வாலுவின் மடிக்கும் கதவுக்கும் இடையில் ஒடுங்கிப் படுத்தேன்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாலு கையை உதறினாள். "அம்மா, சீட்டு ஈரமா இருக்கு."

அம்மா திரும்பிப் பார்த்தாள். முதலில் சீட்டை, பிறகு என்னை. "முதலாளி! வெக்கமா இல்ல உனக்கு? வீட்டுலயே முடிச்சுட்டு வந்திருக்கக் கூடாது?"

"வயசாகுதுல்ல அதுக்கு" என்றார் அப்பா, எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு.

வாலு குனிந்து மோந்தாள். "ஒண்ணுக்கு நாத்தம் இல்லப்பா. வெறும் தண்ணி."

"கதவு ரப்பர் போயிருக்கும். நேத்து கழுவினப்ப எறங்கியிருக்கும்."

அம்மா துண்டை எடுத்து எக்கித் துடைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஈரம். மறுபடி துடைத்தாள். மூன்றாவது முறை துண்டை அப்படியே அந்த இடத்தில் விரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். துண்டின் நடுவில் மெதுவாகப் பள்ளம் விழுந்தது. பார்த்தது நான் மட்டும்தான்.

வெயில் ஏறியது. மரத்தடி எதிலும் நிறுத்தாமல் ஓடுகிற வண்டியிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார் அப்பா. அம்மா மடியில் கூடையை வைத்து ரொட்டியில் முட்டையை மடித்து, திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். வாலு வாங்கிக்கொண்டாள். அடுத்ததை மடித்து மறுபடி நீட்டினாள், இந்தமுறை இடது பக்கமாக. அந்தக் கை அங்கேயே நின்றது. யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருக்கிற கை.

"யாருக்கும்மா?" என்றாள் வாலு.

கை மெல்ல என் பக்கம் திரும்பியது. "நாய்க்கு" என்றாள் அம்மா.

நான் எட்டி வாங்கினேன். பாதி தின்றேன். மீதியை அந்தத் துண்டின் மேல் வைத்தேன். அது அவருடைய பங்கு.

"மாமா கடல் பக்கத்துலதான் எங்கயாச்சும் இருப்பாரோ?" வாலு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். "நாம போறப்ப எதிர்ல வந்தா என்ன பண்றது?"

"வந்தா நல்லதுதான்" என்றாள் அம்மா.

"நான்தான் அன்னைக்கு அழுதேன். அழாம இருந்திருந்தா வாட்ச்மேன் போன் பண்ணியிருக்க மாட்டாரு. மாமாவே வந்திருப்பாரு."

"நீ சின்னப் புள்ள. வாயை மூடிட்டு சாப்பிடு" என்றார் அப்பா. குரலில் கோபமில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக அவர் பின்சீட்டைப் பார்ப்பதை அன்றைக்கு முழுக்கத் தவிர்த்தார். பின்னால் வருகிற வண்டிகளைக் கூடப் பக்கத்துக் கண்ணாடியில்தான் பார்த்தார்.

பிறகு சாலை ஏற ஆரம்பித்தது. இருபுறமும் பாறை. வெடித்துப் பிளந்த பாறை. சாம்பல் நிறப் பொடி படிந்த புதர்கள். அந்தப் பொடியின் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் நான் எழுந்து நின்றேன். இந்த வழி எனக்குத் தெரியும். தொண்டையிலிருந்து என்னை அறியாமல் ஒரு ஊளை கிளம்பியது.

"என்னாச்சு இதுக்கு?" என்றாள் அம்மா.

"மொதல்ல வண்டிக்கு என்னாச்சுன்னு பாரு" என்றார் அப்பா. டாஷ்போர்டில் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டார். ஊரிலுள்ள லிஃப்ட் எல்லாவற்றையும் அப்படிக் காதால்தான் அவர் சோதிப்பார். "ரேடியேட்டர் தண்ணி முழுக்கக் குடிச்சுட்டான். ஏத்தம் தாங்கல" என்று மேட்டின் உச்சியில், சாலையோரம் வண்டி ஒதுக்குகிற ஒரு வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது.

அதே இடம்.

அன்றைக்கும் இந்தக் கார் இங்கேதான் இப்படி ஆவி விட்டது. மாமா இறங்கி, பானெட்டைத் திறந்து, "தாகம் எடுத்துருச்சாம் முதலாளி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டிக்கியிலிருந்து மஞ்சள் கேனை எடுத்தார். புதருக்கு அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரி. மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எனக்குக் காற்று வேண்டுமென்று சாவியை வண்டியிலேயே விட்டு ஃபேனை ஓடவிட்டார். "இரு, வந்துடறேன்" என்றார். நான் இருந்தேன். கல் உருள்கிற சத்தம் கேட்டது. அவர் குரல் ஒரு தடவை வந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கதவு மூடியிருந்தது. நகம் பெயரும்வரை பிறாண்டினேன். வெயில் சாய்ந்த நேரத்தில் மோட்டார் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள், கூப்பிட்டுப் பார்த்தார்கள். சாவி தொங்குவதைப் பார்த்ததும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஒருவன் காரை ஓட்டினான். அவன் கையைக் கடித்தேன். கார் ஒரு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மறுபடி மூச்சை விட்டது. என்னையும் அதையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

இதையெல்லாம் நான் எந்த வாயால் சொல்வது?

இப்போது அப்பா பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றார். "குடிக்கிற தண்ணி எவ்வளவு இருக்கு?"

"வாலு முக்கால்வாசி குடிச்சுட்டா" என்றாள் அம்மா.

அவர் புதரை விலக்கி எட்டிப் பார்த்தார். "கீழே குவாரித் தண்ணி இருக்கு. ரெண்டு பாட்டில் மொண்டுட்டு வந்துடறேன்."

அப்போது இடது பக்கப் பின்கதவு திறந்தது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை. "அப்பா, கதவு தானா தொறந்துக்கிச்சு" என்றாள் வாலு. ஈரக் கல் வாசனை என்னைத் தாண்டி இறங்கிப் போனது. அவசரமில்லாமல், அன்றைக்கு நடந்த அதே நடையில், புதரை நோக்கி. அப்பாவும் அதே பக்கம்தான் நடந்துகொண்டிருந்தார்.

என் கழுத்துக் கயிற்றை வாலு பிடித்திருந்தாள். ஒரு இழுப்பில் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

புதருக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை ஒன்று பாறையோரமாகச் சரிந்து இறங்கியது. அப்பா அதில் காலை வைத்திருந்தார். பேண்ட்டைக் கவ்வி இழுத்தேன். "விடுறா சனியனே!" காலை உதறினார். விடவில்லை. அவர் குனிந்து என் கழுத்தைப் பிடித்துத் தள்ளப் பார்த்தார். அந்தக் கையைக் கடித்தேன். விளையாட்டுக் கடி இல்லை. பல் எலும்பைத் தொட்டது. அந்த வீட்டில் ஒருவரையும் நான் அதுவரை கடித்ததில்லை.

அவர் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் பாரம் விலகிய அடுத்த நொடி, கால் வைத்திருந்த கல் பெயர்ந்தது. கூடவே பாதையில் ஒரு பாகமும் உதிர்ந்து போனது. தண்ணீர்ச் சத்தம் வர நேரம் பிடித்தது. அவ்வளவு ஆழம்.

அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த வெற்றிடத்தையே பார்த்தார். பிறகு கொஞ்சம் கீழே, பாறை இடுக்கில் முளைத்திருந்த முள்செடியைப் பார்த்தார். அதில் ஒரு மஞ்சள் கேன் சிக்கிக் கிடந்தது. வெயிலில் வெளுத்திருந்தது. கைப்பிடியைச் சுற்றிப் பழுப்பு ரெக்சின்.

அவர் அம்மாவைக் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு அவளே ஓடிவந்தாள். "கடிச்சுடுச்சா? ஐயோ, ரத்தம் பாருங்க..." என்று ஆரம்பித்தவள், அவர் பார்வை போகிற திசையில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிவப்பு நூல், முடிகிற இடத்தில் இரண்டு குறுக்குத் தையல்.

"இது தம்பி தையல்" என்றாள், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல.

அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். நின்ற லாரிக்காரர் ஒருவர் போன் செய்தார். போலீஸ் ஜீப், தீயணைப்பு வண்டி, கயிறு, முதுகில் சிலிண்டர் மாட்டிய இரண்டு பேர். எங்களைக் காருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். லாரிக்காரர் வாலுவுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தார். அவள் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள். அப்பாவின் கைக்கு யாரோ கட்டுப் போட்டார்கள். இடது பக்கக் கதவு திறந்தபடியே கிடந்தது. யாரும் அதைச் சாத்தவில்லை.

வெயில் சாய்வதற்கு முன் அவரைக் கொண்டுவந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் சுருட்டி, இரண்டு பேரே சுலபமாகத் தூக்கிவந்தார்கள். அம்மா எழுந்தாள்.

"வேணாம்மா" என்றார் போலீஸ் அதிகாரி. "பாக்குற மாதிரி இல்ல."

"சார், ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவ நான். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பாக்கறது எலும்பைத்தான். காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு விரிப்பின் ஓரத்தை விலக்கினார். அம்மா மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது முழங்கைக்குக் கீழே விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்றாள். அங்கே எலும்பு லேசாகத் தடித்து வளைந்திருந்தது.

"சின்ன வயசுல மதில்லேர்ந்து விழுந்து ஒடைஞ்சது" என்றாள். "நான் அப்பதான் வேலை பழகிட்டிருந்தேன். மொதமொதல்ல தனியா எடுத்த படம் இந்தக் கைதான். பயத்துல ஆடிட்டே இருந்தான்."

ஒவ்வொரு நாளும் படம் எடுத்து முடித்ததும் நோயாளிகளிடம் அவள் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. வீட்டில் எனக்கு நகம் வெட்டும்போதும் அதையே சொல்வாள். அதைத்தான் இப்போதும் சொன்னாள். மெதுவாக, அந்தக் கையை விடாமல். "அவ்வளவுதான்டா. முடிஞ்சிடுச்சு."

அதற்கப்புறம்தான் அழுதாள்.

அப்பா அழவில்லை. அதிகாரியிடம் போய் நின்று, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நான்தான் சார் போகச் சொன்னேன். மூஞ்சியில முழிக்காதன்னேன்" என்றார். அதிகாரி ஏதோ சமாதானம் சொன்னார். அப்பா மறுபடி முதலிலிருந்து அதையே சொன்னார். வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். லாரிக்காரரிடமும் சொன்னார்.

கடலுக்குப் போகவில்லை. காரைக் கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டார்கள். மாமாவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தார்கள். வண்டியை அங்கிருந்து யாரோ ஓட்டிப்போயிருக்க வேண்டும், தேடுகிறோம் என்றார்கள் போலீஸ்காரர்கள். எவன் கையிலாவது என் பல் தடம் இருக்கும், அதை யார் பார்ப்பது? கேட் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்துகிற பழக்கம் வீட்டில் நின்றுபோனது. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். அதுவும் சேர்ந்து நின்றுவிட்டது.

வாலு ஒருநாள் என் காதுக்குள் கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியும்ல?" நான் அவள் முகத்தை நக்கினேன். "தெரியும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் எழுதுகிறாள்.

மாமா போய்விட்டார், நிம்மதியாகிவிட்டார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. கண்டெடுத்து, கழுவி, அனுப்பிவைத்த பிறகு அவர் ஏன் இங்கே இருக்க வேண்டும்? ஆனால் இருக்கிறார். ஷெட்டில் கார் நிற்கிறது, காருக்குள் அவர் இருக்கிறார், இடது ஓரத்தில்.

வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பா தினமும் ஷெட்டுக்கு வருகிறார். டிரைவர் சீட்டில் உட்காருவார். நான் வாசலில் படுத்திருப்பேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை.

"அந்தக் குவாரிகிட்ட ரெண்டு பக்கத்துலேர்ந்து வர்ற வண்டியும் ஒதுங்கலாம்" என்றார் ஒருநாள். யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தேன். என்னிடம்தான். "நான் மறுபடி போய்ப் பாத்தேன். வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு எவனுக்கும் தெரியல. முதலாளி, நீதானே கூட இருந்த. அவன் போயிட்டிருந்தானா, வந்துட்டிருந்தானா?"

அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அதை எதுக்கு நாய்கிட்ட கேக்கறீங்க? என்கிட்ட கேளுங்க. அவன் கோவம் அரை நாள் தாங்காது. வந்துட்டுதான் இருந்திருப்பான்."

"நீ அப்படித்தான் சொல்லுவ" என்றார் அப்பா.

எனக்குத் தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்பி, மலை ஏறி இறங்கி, வெகுதூரம் போனோம். மாமா வழியில் ஒரு பெப்பர்மின்ட்கூட வாயில் போடவில்லை. ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போனது. கேட் திறந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற வண்டிகளெல்லாம் போய்விட்டன. மாமா போகவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அத்தானுக்குக் கோவம் வந்தா அப்படித்தான் முதலாளி. இந்நேரம் ஆறியிருக்கும். நாம இல்லாம அக்காவும் சாப்பிட்டிருக்க மாட்டா. வீட்டுக்குப் போலாமா?" நான் வாலை ஆட்டினேன். அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பினார். திரும்பி வருகிற வழியில்தான், மலையின் அந்தப் பக்கத்து ஏற்றத்தில், வண்டி ஆவி விட்டது.

"சொல்லேன்டா" என்றார் அப்பா.

பின்சீட்டின் இடது ஓரம் நிமிர்ந்தது, அவருக்கு நேர் பின்னால் சீட்டு அமுங்கியது. மாமா முன்னால் சாய்ந்து, அப்பாவின் காதருகே போய், சொல்லத்தான் பார்த்தார். வார்த்தை வரவில்லை. தண்ணீர்தான் வந்தது. அப்பாவின் சட்டைத் தோளில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் அண்ணாந்து ஷெட்டின் கூரையைப் பார்த்தார். கூரை ஒழுகவில்லை. மழையும் இல்லை.

நான் எழுந்து நின்று குரைத்தேன். வந்துட்டுதான் இருந்தாரு, வந்துட்டுதான் இருந்தாரு என்று தொண்டை வலிக்கக் குரைத்தேன்.

அப்பா இறங்கி வந்தார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்து, கண்ணுக்குள் பார்த்தார். ஒரு கணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பசிக்குதாடா?" என்றார். உள்ளே போய் பிஸ்கட் எடுத்துவந்தார். அவர் கையிலிருந்து நான் சாப்பிட்டேன்.